கதவைத் தட்டிச் சன்னல் துடைப்பு வாடிக்கையாளர்களைச் சேர்ப்பது

பிரிட்டனில் சன்னல் துடைப்பவருக்கு நிலையான வருமானம் தருபவை, நான்கு அல்லது எட்டு வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் துடைக்கச் சொல்லும் வீடுகள்தாம். அவை ஒரே தெருவில் அடுத்தடுத்து அமைந்தால் வண்டியை நகர்த்தாமலே அரைநாள் வேலை முடிந்துவிடும் என்பதால், ஏற்கெனவே வாடிக்கையாளர் உள்ள தெருவிலேயே தொடங்குங்கள். ஸ்காட்லாந்தில் என்றால் பல இடங்களில் உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் முதலில் வேண்டும்.

வார நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல், இருட்டுவதற்கு முன் செல்லுங்கள். விற்பனையாளர் வரவேண்டாம் என்று எழுதி ஒட்டிய கதவைத் தட்டாதீர்கள். மணியை அழுத்தியதும் இரண்டடி பின்வாங்கி நில்லுங்கள். கதவை ஒட்டி நிற்கும் அந்நியரைக் கண்டு முதியவர்கள் அஞ்சக்கூடும். "இந்தத் தெருவில் சன்னல் துடைக்கிறேன், உங்கள் வீட்டுக்கும் விலை சொல்லட்டுமா?" என்பதே தொடக்கத்துக்குப் போதும்.

தட்டுவதற்கு முன்பே வாசலில் நின்று சன்னல்களை எண்ணி விலையை முடிவு செய்துகொள்ளுங்கள். தயங்கினால் கதவு மூடிவிடும். சன்னல் சட்டங்களில் படிந்த பழைய அழுக்கால் முதல் முறைக்குக் கட்டணம் கூடும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். நீண்ட கம்பத்தூரிகையால் தாதுக்கள் நீக்கிய தூய நீரை விட்டுக் கழுவுபவர், கண்ணாடியில் நிற்கும் துளிகள் கறையின்றித் தாமே காய்ந்துவிடும் என்று விளக்காவிட்டால், "துடைக்காமலே போய்விட்டார்" என்ற புகார் அன்று மாலையே வரும் (எனக்கு வந்திருக்கிறது).

ஆளில்லாத வீட்டின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, சனிக்கிழமை முற்பகலில் மீண்டும் சென்று பாருங்கள்.