தும்பு அறுந்த மாட்டைத் துரத்தாதீர்கள்

தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனாலோ என்னவோ, ஒரு கறவைப் பசு தும்புக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனால்கூட நாலு பேர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். பசு பெரும்பாலும் பக்கத்து வயல் பச்சையைப் பார்த்துத்தான் போகும். கத்திக்கொண்டு பின்னால் ஓடினால் கண்மாய்க் கரை ஏறி, தார் ரோட்டில் போய் நிற்கும்.

மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நேர் பின்பக்கம் தெரியாது. அந்தப் பக்கமாகப் போனால் மிரண்டு உதைக்கும். அதன் கண்ணில் படும்படி ஓரமாக, சாய்வாக நடந்து போங்கள். தலையைத் தூக்கிக் காதை உங்கள் பக்கம் திருப்பினால் அப்படியே நில்லுங்கள். மறுபடி குனிந்து மேய்ந்தால் இன்னும் இரண்டு எட்டு. அதன் தோளுக்குப் பின்னால் நீங்கள் நின்றால் முன்னே நகரும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் நிற்கும். சரி, இவ்வளவுதான் வித்தை.

எங்கள் அப்பத்தா அதுகூடச் செய்யாது. தவிட்டு வாளியின் கைப்பிடியை இரண்டு தரம் லொடக் லொடக்கென்று ஆட்டும். எங்கள் செவலைப் பசு தானாக வரும். ஒருநாள் நான் வெறும் வாளியை ஆட்டி ஏமாற்றினேன். அப்புறம் ஒரு வாரம் அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிடித்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும். மூக்கணாங்கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த மாட்டை அடிப்பதும் கூடாது. வந்ததற்குத்தான் அடி என்று அது நினைத்துக்கொள்ளும். ஆடுகள் என்றால் முன்னால் போகிற ஆட்டை மடக்குங்கள், மற்றவை பின்னால் வரும்.

மாடு கிடைத்துவிட்டதென்று அதோடு விட்டுவிடுவது இன்னொரு தவறு. எங்கே மேய்ந்தது என்று பாருங்கள். நம் பக்கம் கல்யாண வீடுகளில் பின்கட்டு வாசலில் மிஞ்சிய சோற்றை அண்டா அண்டாவாகக் கொட்டுகிறார்கள். களத்தில் நெல் காயும். வயிறு முட்ட அதைத் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறும். உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து அசை போடாமல் படுத்துவிடும், உயிரே போகலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண்ணில் அழையுங்கள். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு என்பதை முதலில் சொல்லுங்கள்.