நூலகத்தில் இலவச நாப்கின் வைப்பது எப்படி?

ஸ்காட்லாந்தில் மாதவிடாய் நாப்கின்கள் தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்டிலிருந்து சட்டம். அங்கே பல நூலகங்களில் இலவசமாகவே எடுத்துக்கொண்டு போகலாம். நம்ம ஊர் நூலகத்தில் தொடங்க, வாசகர் வட்டத்தில் பேசி மாதாமாதம் யார் வாங்கித் தருவது என்று முடிவானால் போதும். முக்கியமாக, பெட்டியை நூலகர் மேசையில் வைக்காதீர்கள். போட்டித் தேர்வுக்காக நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிற பெண், நாலு பேர் பார்க்க வந்து கேட்கத் தயங்குவார். பெண்கள் கழிப்பறைக்குள்ளேயே, தண்ணீர் படாத உயரத்தில், மூடி போட்ட டப்பாவில், ‘தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி வையுங்கள். கையெழுத்து நோட்டு வேண்டவே வேண்டாம். அப்புறம், பக்கத்திலேயே மூடியுள்ள குப்பைத்தொட்டி, சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள். தொட்டியைத் தினமும் காலி செய்யும் தூய்மைப் பணியாளருக்குக் கையுறை வாங்கித் தருவதும் இந்தச் செலவில் சேர்த்திதான்.