பிளஸ் ஒன் பிள்ளைக்குக் கோடையில் வரலாறும் இலக்கியமும்: கையைக் கடிக்காமல் தேடுவது எப்படி?

மார்ச் பிறந்துவிட்டால் ஈரோடு, திருப்பூர், கோவை என்று எங்கே பார்த்தாலும் நீட், ஜேஇஇ பேனர்தான். வரலாறும் இலக்கியமும் பிடித்த பிள்ளைக்கு என்று ஒரு தட்டிகூடக் கண்ணில் படாது. ஆனால் வகுப்புகள் இருக்கின்றன, நாம்தான் போய் விசாரிக்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளை 15,000 ரூபாய் கட்டி ஒரு கோடை முகாமில் சேர்த்தோம். நோட்டீசில் ‘வரலாறும் பண்பாடும்’ என்று இருந்தது. பத்து நாளும் விளையாட்டு, மேடைப் பேச்சு, கடைசியில் குரூப் போட்டோ, ஒரு புத்தகத்தைக்கூடப் பிரிக்கவில்லை. அப்புறம் எங்கே விசாரித்தாலும் மூன்றே கேள்விதான் கேட்கிறேன்: எதைப் படிக்க வைப்பீர்கள், பிள்ளை என்ன எழுதும், எழுதியதை யார் திருத்துவார்கள்? இதற்குப் பதில் வராத இடம் இலவசமாகவே இருந்தாலும் வேண்டாம்.

கட்டணம் என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்ட முடியாவிட்டால் கூச்சப்படாமல் சலுகை கேட்கலாம், கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும். ‘அப்பா தறிப்பட்டறையில் வேலை செய்கிறார், எங்களால் 2,000 ரூபாய் வரை கட்ட முடியும், இந்த வகுப்பில் சேர விரும்புவதற்குக் காரணம் இது’ என்று நான்கு வரி நேராக எழுதினால் போதும்.

செலவே இல்லாத நல்ல பாடம் நம்மூரிலேயே இருக்கிறது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் அறச்சலூர் மலையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஒரு இசைக் கல்வெட்டு, த, தை, தா என்று ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. அக்கா மகள் அதைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதிப் பார்த்தாள். இடமிருந்து வலமாகவும் படித்தாள், மேலிருந்து கீழாகவும் படித்தாள், இரண்டும் ஒன்றாகவே வந்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே ஓடி வந்துவிட்டாள். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலும் அப்படித்தான். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கல்மணிகளும் அங்கே தோண்டக் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்துப் பாட்டை மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம், பழைய நூல்கள் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கல்வெட்டு வாசிக்கக் கற்றுத்தரும் மரபு ஆர்வலர் குழுக்கள், மாவட்ட மைய நூலகத்தின் கோடை நிகழ்ச்சிகள், இரண்டையும் தவறாமல் விசாரியுங்கள்.

வீட்டிலிருந்தே படிப்பதென்றால் என்பிடெல் (NPTEL) என்ற இணையதளம். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் தத்துவம், இலக்கியம், வரலாற்றுப் பாடங்களின் வீடியோக்களுக்குக் காசில்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். பாடம் ஆங்கிலத்தில் ஓடும். அதனால் ஒரு வீடியோ பார்த்ததும் அரைப் பக்கம் தமிழில் எழுதச் சொல்லுங்கள், புரிந்ததா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் அமெரிக்காவில் டெல்யூரைட் சங்கம் நடத்தும் கோடைக் கருத்தரங்கைப் பாருங்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எதற்கும் கட்டணமில்லை, ஆனால் நிறையக் கட்டுரை எழுதி விண்ணப்பிக்க வேண்டும், போட்டியும் கடுமை. பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு லட்சக்கணக்கில் கேட்கும் முகாம்களுக்காகக் கடன் வாங்காதீர்கள், அதில் சேர்ந்ததாலேயே பிறகு அங்கே இடம் கிடைத்துவிடாது.

எதுவும் அமையவில்லையா? பக்கத்துக் கல்லூரியின் தமிழ்த் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ போய், வாரம் ஒரு மணி நேரம் நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். ஏப்ரலில் போனால் தேர்வு, விடைத்தாள் என்று அவர்களுக்கு நேரமிருக்காது, பிப்ரவரி கடைசியிலேயே போய்விடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அது எழுதிய ஒரு பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பேச வேண்டியது பிள்ளைதான், நாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் போதும்.