பெயரை விட்டுவிட்டு ஹாஷைப் பாருங்கள்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என் சர்வீஸ் கடை. வருகிற லேப்டாப்களில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் 'செட்டப்', 'செட்டப் 1', 'நியூ செட்டப்' என்று வரிசையாகக் கிடக்கும். "அண்ணே, இது வைரஸாக்கும், அழிச்சிருங்க" என்பார் குலசேகரத்து ரப்பர் வியாபாரி. அது அவருடைய பழைய பிரிண்டரின் டிரைவராக இருந்தால்? திரும்பத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதனால் முதலில் ஹாஷ் எடுப்பேன். ஃபைலுக்குள் இருக்கும் பைட் எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் வரும் அடையாள எண் அது. பெயரை மாற்றினால் மாறாது. உள்ளே ஒரு பிட் மாறினாலும் அடியோடு மாறிவிடும். ஹாஷ் கணக்கிடும் முறைகள் பல உண்டு. அதில் எம்டி5 வேண்டாம், வெவ்வேறு தரவுக்கு ஒரே எம்டி5 வரும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். எஸ்எச்ஏ-1 முறையின் கதையும் அதேபோல 2017-ல் முடிந்தது. எஸ்எச்ஏ-256 எடுங்கள்.

ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, 'சிஆர்சி எஸ்எச்ஏ' மெனுவில் எஸ்எச்ஏ-256. விண்டோஸ் 11-ல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' தட்ட வேண்டியிருக்கலாம். விடை எழுத்தும் எண்ணும் கலந்து 64 இருக்க வேண்டும். 40 வந்தால் அது எஸ்எச்ஏ-1.

அப்புறம் அதைக் காப்பி செய்து, ஃபைல்களில் வைரஸ் உண்டா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஃபைலை ஏற்றாதீர்கள். ஏற்றியது மற்றவர் கைக்கும் போகும். வாடிக்கையாளரின் ரேஷன் கார்டு ஸ்கேனை ஊருக்குக் காட்ட நமக்கு என்ன உரிமை? தெரிந்த ஃபைல் என்றால் எந்தெந்தப் பெயரில் உலவியது, எப்போது முதலில் வந்தது, யார் டிஜிட்டல் கையெழுத்திட்டது என்பதெல்லாம் அங்கே தெரியும்.

அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி, தெரிந்த மென்பொருள் ஃபைல்களின் ஹாஷ்களை என்எஸ்ஆர்எல் என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது. தடயவியல்காரர்கள் வேண்டாத ஃபைல்களை ஒதுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் ஹேக்கிங் கருவிகளும் உண்டு. பட்டியலில் இருந்தால் 'இன்னது' என்று தெரியும், 'நல்லது' என்று அர்த்தமில்லை.

எங்குமே கிடைக்கவில்லையா? புதிய பதிப்பாக இருக்கலாம், உடனே பயப்பட வேண்டாம். விஎல்சி, உபுண்டு போன்ற மென்பொருள்களைத் தருபவர்கள் தங்கள் தளத்திலேயே ஹாஷ் போட்டிருக்கிறார்கள், ஒப்பிடுங்கள். ஃபைலை வேறு ஏதோ தளத்திலிருந்து இறக்கியிருந்தால், அந்தத் தளமே போட்டிருக்கும் ஹாஷை நம்ப முடியாது.

'ஈ3பி0சி442' என்று ஹாஷ் தொடங்கினால் தேடவே வேண்டாம். காலி ஃபைல் எதுவானாலும் அதுதான் வரும். அதைத் தாராளமாக அழிக்கலாம்.