சத்துப் பால் குடித்தும் உடம்பு தேறாதது ஏன்? டயாலிசிஸ் நோயாளிகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் டயாலிசிஸ் நிலையத்துக்கு வருபவர்களில் நிறையப் பேர் ஒரு காலத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள். உழைத்து முறுக்கேறிய கைகால்கள் சிறுநீரகம் பழுதான பிறகு இளைத்துப்போய்விடுகின்றன. அவர்களுக்குச் சத்துப் பால், அதாவது டின்னில் விற்கும் சத்துப் பானம், கொடுக்கச் சொல்கிறோம். புதிதாகச் சேரும் தாதிகளும், வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் நாங்கள் முன்பு விழுந்த அதே குழிகளில் வரிசையாக வந்து விழுகிறார்கள். நட்சத்திரப் பழம் ஆகாது, கருவாடு ஆகாது என்பதெல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அதை விடுங்கள்.

பழைய பத்தியத்தைப் பிடித்துக்கொள்வது

டயாலிசிஸ் தொடங்கும் முன் "இறைச்சியைக் குறைங்க, பருப்பைக் குறைங்க" என்று சொன்னது சரிதான். அப்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.6 கிராம் புரதம் போதும். தொடங்கிய பிறகு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 55 கிலோ ஆளுக்கு 33 கிராமாக இருந்தது 55 முதல் 66 கிராம் ஆகிறது. ஒவ்வொரு தடவை டயாலிசிஸ் செய்யும்போதும் இயந்திரத்தின் வடிகட்டி வழியாக 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் இரத்தத்திலிருந்து கழிந்துபோவதும் இதற்கு ஒரு காரணம். வீட்டிலோ அந்தப் பழைய தாள் இன்னும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியே கிடக்கும்.

டின் வாங்கும்போதும் இதே குழப்பம்தான். சிறுநீரக நோயாளிகளுக்கான பாலில் இரண்டு வகை உண்டு. புரதம் குறைந்தது டயாலிசிஸுக்கு முன், புரதம் கூடியது பின். "கிட்னி பால் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

பாலையே சாப்பாடாக்குவது

கூடாது. சாப்பாட்டுக்கு மேல்தான் பால்.

பால் கொடுத்துவிட்டு டிரை வெயிட்டைப் பார்க்காமல் இருப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

உடம்பில் தேங்கிய நீரெல்லாம் வெளியேறிய பிறகு இருக்க வேண்டிய எடைதான் டிரை வெயிட். நோயாளி உள்ளே வந்ததும் எடை போடுகிறோம். அதிலிருந்து டிரை வெயிட்டைக் கழித்தால் வருவது, இயந்திரம் இழுக்க வேண்டிய நீர். கூடியிருப்பது சதையா நீரா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அது நாம் கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு இழுக்கும், அவ்வளவுதான்.

மரம் சீவி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். டிரை வெயிட் 54 கிலோ. சத்துப் பால் தொடங்கி இரண்டு மாதத்தில் பசி எடுத்துவிட்டது. காலையில் பசியாற இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்று அவர் மனைவிக்கு வாயெல்லாம் பல். ஒன்றரைக் கிலோ சதை ஏறியிருந்தது. ஏட்டில் மட்டும் அதே 54. அன்றைக்கு 57.5 கிலோவோடு வந்தார். அதில் நீர் 2 கிலோதான். "அங்கிள், தண்ணி ரொம்ப குடிக்கிறீங்க" என்று புதுத் தாதி ஒரு அதட்டல் போட்டுவிட்டு, 3.5 லிட்டர் இழுக்கச் சொல்லி இயந்திரத்தில் எண்ணைத் தட்டினார்.

நான்கு மணி நேரத்தில் 3.5 லிட்டர் என்றால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 16 மில்லிலிட்டர் அளவில் வருகிறது. 13ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகி, கால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இரத்த அழுத்தம் 90க்குக் கீழே போனது. அடுத்தடுத்த தடவைகளிலும் இதே கதைதான். "மிசி, அந்தப் பால் குடிச்சா காலைப் பிடிச்சு இழுக்குது" என்றார் அவர் தாதியிடம். "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஏட்டில் எழுதி நிறுத்திவிட்டார்கள். ஏறிய சதை வந்த வழியே போனது. மறுபடி அவரைக் குடிக்க வைக்கப் பல மாதம் ஆயிற்று. உடம்பு தேறியதற்கு ஒரு மனிதர் திட்டும் வாங்கி, வலியும் பட்டிருக்கிறார்!

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சதை கரைந்து அந்த இடத்தில் நீர் நிற்கும். எடை மட்டும் அதே 54ஐக் காட்டும். "எடை குறையலையே, நல்லாத்தானே இருக்கார்" என்பார்கள். அவர் கைக்கடிகாரம் முழங்கை வரை சரிந்து வருவதைப் பாருங்கள். நெற்றிப்பொட்டு குழி விழுந்திருக்கும். இரவில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். இங்கே டிரை வெயிட்டைக் குறைக்க வேண்டும், சாப்பாட்டைக் கூட்ட வேண்டும்.

ஆகவே பால் தொடங்கிய நாளை ஏட்டில் குறித்துவிடுங்கள். பசி கூடியதா, கணுக்காலில் வீக்கம் உண்டா, இயந்திரத்தில் போடும் முன் அழுத்தம் எப்படி, இரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் ஏறுகிறதா என்று சேர்த்துப் பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். டிரை வெயிட்டை மாற்றுவது அவர் முடிவு. அவர் காதில் போடுவது நம் வேலை. ஒரு விஷயம்: டயாலிசிஸ் நடக்கும்போது சாப்பிட்டால் சிலருக்கு நிஜமாகவே அழுத்தம் இறங்கும். குடித்த சற்று நேரத்தில் இறங்கினால் பால் மீது சந்தேகப்படலாம். எப்போதும் கடைசி மணியில்தான் என்றால் முதலில் டிரை வெயிட்டைப் பாருங்கள்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று சொன்ன தண்ணீர் அளவில்தான் பாலும் சேரும்.

இனிக்கிறது என்று நீரிழிவுக்காரருக்கு நிறுத்துவது

நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவையும் இன்சுலினையும் மருத்துவரும் டயட்டிஷியனும் சரிசெய்வார்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும்.

ஜிம் மாவு

உடற்பயிற்சி செய்பவர்கள் குடிக்கும் புரத மாவைப் பேரன் ஆசையாக வாங்கி வந்திருப்பான். டயட்டிஷியனிடம் காட்டாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

காசில்லை என்று சும்மா இருந்துவிடுவது

டின் பால் விலை தோட்டக் குடும்பத்துக்குப் பெரிய பாரம்தான். முட்டையின் வெள்ளைக்கருவை மறந்துவிடுகிறார்கள். ஒன்றில் மூன்றரைக் கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, சிறுநீரக நோயாளிக்குக் கூடினால் ஆகாத பாஸ்பரஸ் இல்லை என்றே சொல்லலாம். வெங்காயம், மிளகு போட்டுப் பொரியலாகக் கிளறினால் மூன்று நான்கு வெள்ளைக்கரு சுலபமாக உள்ளே போகும். உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.