சந்தையில் கன்று வாங்கி வளர்க்கப் போறீங்களா? இதையெல்லாம் பண்ணாதீங்க

பால் மாடு வைத்திருப்பவர் வீட்டில் காளைக்கன்று பிறந்தால் பத்து நாள்கூடத் தாங்காது, சந்தைக்கு வந்துவிடும். விலை குறைவு என்பதால் புதிதாக இறங்குபவர்கள் கண் முதலில் போவதும் அதன்மேல்தான். நானும் அப்படித்தான் ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் முதல் கன்றை வாங்கினேன். உடம்பெல்லாம் காய்ந்திருக்க, வால் மட்டும் ஈரமாக இருந்தது. "காலைல குளிப்பாட்டுனதுங்க" என்றார் தரகர். வாலை மட்டும் யாராவது குளிப்பாட்டுவார்களா என்று அப்போது தோன்றவில்லை. கழிச்சலைக் கழுவிவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் கன்று போய்விட்டது.

அதனால் ராசிக்காக உடம்பில் முடிச்சுழி பார்ப்பதற்கு முன் வாலைத் தூக்கிப் பாருங்கள். தொப்புள் காய்ந்திருக்கிறதா, வீக்கம் உண்டா என்று தடவிப் பாருங்கள். விரலை வாயில் விட்டால் வெடுக்கென்று சப்ப வேண்டும். இத்தனையும் பார்த்தாலும் சீம்பால் குடித்ததா என்பது மட்டும் சந்தையில் தெரியாது. தாயின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வந்து சேருவதில்லை. அது சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதையும் பிறந்த முதல் 24 மணி நேரம்தான் குடல் அப்படியே உறிஞ்சும். அதிலும் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். அது தவறிய கன்றுக்குப் பிறகு எத்தனை டானிக் ஊற்றினாலும் ஈடாகாது. நூறு இருநூறு கூடப் போனாலும் தெரிந்தவர் கட்டுத்தரையில் கேட்டு வாங்குவதே என் கட்சி.

வாங்கி வந்த கன்றை நேராகப் பழைய மாடுகளோடு கட்டுவது அடுத்த தவறு. மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள். கோமாரியும் தோல் கட்டி நோயும் சந்தையிலிருந்து இப்படித்தான் வீட்டுக்கு வருகின்றன.

பாலில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். பாவம், சின்ன உசுரு என்று வயிறு முட்டக் கொடுப்பது ஒன்று. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு: 30 கிலோ கன்றுக்கு நாளைக்கு 3 லிட்டர், அதையும் இரண்டு மூன்று வேளையாக, மடிச் சூட்டில். கழிச்சல் கண்டதும் பாலை அடியோடு நிறுத்துவது இன்னொன்று. எங்கள் அப்பத்தா காலத்துப் பழக்கம் இது. கன்று கழிச்சலில் சாவதைவிட நீர் வற்றியும் பட்டினியாலும்தான் அதிகம் சாகிறது. பாலைத் தொடருங்கள், இடைவேளையில் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ORS) கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். மடிப்பு உடனே மறையாமல் நின்றால், கண்ணும் குழி விழுந்திருந்தால், டாக்டரைக் கூப்பிட்டாக வேண்டும். பாலையோ கரைசலையோ மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

சோளத்தட்டை நம்பி பாலைச் சீக்கிரம் குறைப்பவர்களும் உண்டு. தட்டையும் புல்லையும் செரிக்கிற முதல் இரைப்பையான பெருவயிறு கன்றுக்கு அப்போது வேலையே தொடங்கியிருக்காது. இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனம் ஒரு கைப்பிடி, பக்கத்தில் நல்ல தண்ணீர்; அதுதான் வயிற்றைப் பழக்கும். யூரியா கலந்த பெரிய மாட்டுத் தீவனத்தைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காட்டில்) கொழுக்கட்டைப் புல் தழைத்திருக்கிறதே என்று பால்குடிக் கன்றை அவிழ்த்து விடுவதும் வேண்டாம். எருமைக்கன்று என்றால் தாய்ப்பாலிலேயே உருண்டைப்புழு வந்துவிடும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள்.

யாருக்கு விற்பது என்பதை வாங்கும்போதே யோசிக்காதவர்கள்தான் அதிகம். கறிக்கு வளர்க்கலாம் என்று வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 10 வயது தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் ஆகாதது, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ முடங்கியது என்று சான்று இருந்தால்தான் வெட்ட முடியும். எருமைக்கும் இதே சட்டம்தான். கொழுகொழுவென்று நிற்கும் இளங்காளைக்கு அந்தச் சான்று எப்படிக் கிடைக்கும்? கிடேரியாக (பெண் கன்றாக) வாங்கினால் சினைப்படுத்தி விற்கலாம். காங்கேயம் காளைக்கன்று என்றால் பழையகோட்டைச் சந்தையில் அதற்கென்றே வருகிற ஆட்கள் இருக்கிறார்கள்.