ஆண்டு இறுதி நகைச்சுவைத் தொகுப்பு: சறுக்கும் இடங்கள்

டிசம்பர் பிறந்தால் குடியிருப்போர் நலச் சங்கத்தில் யாராவது ஒருவரிடம் இந்த வேலை வந்து சேரும்: "இந்த ஆண்டு நம் தெருவில் நடந்ததையெல்லாம் சிரிக்கச் சிரிக்க எழுதிக் கொடுங்கள், விழாவில் படிப்போம்." ஒரு தெருவின் ஓராண்டு வாழ்க்கை எழுத்தில் பதிவாவது பெரும்பாலும் அந்த நான்கு பக்கங்களில்தான். அதை அரைமணி நேரத்தில் கிறுக்கிக் கொடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அடிக்கடி நடக்கும் தவறு, தெருவை விட்டுவிட்டு நாட்டு நடப்பை எழுதுவது. தேர்தல், கிரிக்கெட், சினிமா எல்லாம் எல்லோருக்கும் தெரியும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் ஜூலை 12 அன்று வந்து சேர்ந்தது. அது எல்லா நாளிதழ்களிலும் இருக்கிறது. லாரிச் சத்தம் கேட்டதும் எந்த மாடியிலிருந்து முதல் குடம் இறங்கியது, பல மாதங்களாகப் பேசாத எந்த இரண்டு வீட்டார் வரிசையில் அடுத்தடுத்து நிற்க நேர்ந்து பேச ஆரம்பித்தார்கள் என்பதெல்லாம் எந்த நாளிதழிலும் வராது. நீங்கள் எழுதினால்தான் உண்டு.

அடுத்தது, டிசம்பர் முதல் வாரத்திலேயே எழுதி முடித்துவிடுவது. தமிழ்நாட்டில் இது பெரும் பிழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நீடிக்கும். ஆண்டையே புரட்டிப்போடும் சம்பவங்கள் இங்கே கடைசி மாதத்தில்தான் நிறைய நடந்திருக்கின்றன. 2004இல் சுனாமி வந்தது டிசம்பர் 26. 2016இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தது டிசம்பர் 12. 2023 டிசம்பரின் தொடக்கத்தில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது; அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. பத்தாம் தேதியே எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்ட கிண்டலை, அப்படியொரு வாரத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு மேடையில் படிப்பது? கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள். தேவைப்பட்டால் நிகழ்ச்சியிலிருந்து முழுவதையும் எடுத்துவிடும் துணிவும் வேண்டும்.

நினைவை மட்டும் நம்புவதும் தவறு. நினைவிலிருந்து எழுதினால் அக்டோபருக்கு முந்தைய மாதங்கள் காணாமல் போகும். சங்கத்தின் வரவு செலவு நோட்டைப் புரட்டுங்கள். மோட்டார் ரிப்பேர் எத்தனை முறை, லிஃப்ட் நின்றது எந்த மாதம், தெருவிளக்குக்காக எத்தனை மனு என்று நகைச்சுவைக்கு வேண்டிய சரக்கு தேதியோடு அங்கே கிடக்கிறது. அதை ஊதிப் பெரிதாக்கவே வேண்டாம். ஒரே மோட்டாரை ஓராண்டில் ஐந்து முறை பழுது பார்த்திருந்தால், ஐந்து தேதிகளையும் வரிசையாகப் படித்தாலே போதும். ஐந்தை ஐம்பதாக்கினால் கேட்பவர் நம்பமாட்டார், சிரிப்பும் வராது.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில். 2020இல் இ-பாஸுக்கு அலைந்தது, கபசுரக் குடிநீரைக் கண்டு குழந்தைகள் ஓடியது இவையெல்லாம் பலருக்கும் பொதுவான அனுபவம், சிரிக்கலாம். அதே ஆண்டில் ஒருவரை இழந்த வீடும் அந்தத் தெருவில் இருந்திருக்கலாம். அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். வேடிக்கை விருதுகள் கொடுக்கும்போது காவலாளி, தூய்மைப் பணியாளர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோரைக் கேலிப் பொருளாக்காதீர்கள். அவர்களால் மேடையேறிப் பதில் சொல்ல முடியாது. சங்கத் தலைவரையும் செயலாளரையும் தாராளமாகச் சீண்டலாம். உடல், சாதி, திருமணமாகாதது, குழந்தையில்லாதது ஆகியவற்றைத் தொடவே கூடாது. ஆண்டுதோறும் ஒரே ஆளைக் கிண்டல் செய்வதும் வேண்டாம். முதல் முறை அவரும் சேர்ந்து சிரிப்பார். மூன்றாம் ஆண்டு விழாவுக்கே வரமாட்டார்.

பெயர் சொல்லி எழுதிய பகுதியை உரியவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். அவர் தயங்கினால் வாதாடாமல் நீக்கிவிடுங்கள். பலர் நீக்கச் சொல்வதில்லை. தங்களைப் பற்றி இதைவிட நல்ல வேடிக்கையொன்றைத் தாங்களே சொல்லித் தருவார்கள்.